ஒரு ஓட்டு பாக்கி

பர்னபாஸ் வாசலில் கைகூப்பிக்கொண்டு நின்றான். உள்ளே வேந்தன் மூன்றாவது இட்லியில் கை வைத்திருந்தான். இரண்டு பேரும் நகரசபைத் தேர்தலில் ஒரே வார்டில் எதிரும் புதிருமாக நிற்கிறவர்கள். நடுவில் லுங்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் கதவை மறைத்துக்கொண்டு நின்றவன் மாணிக்கராஜ். வாரத்தில் ஆறு நாள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு ஓடி, ஒரு கம்பெனி ஸ்டோரில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்து இடுப்பொடிகிறவனுக்கு ஞாயிறு ஒரு நாள்தான் நிம்மதி. அதிலும் மண் விழுந்தது.

"இன்னாடா மாணிக்கம், உள்ள கூப்பிட மாட்டியா?"

"வூட்ல... பெயிண்ட் அடிக்கிறாங்க."

"இட்லி வாசனை வருது?"

"பெயிண்ட் அடிக்கிறவருக்கு."

பர்னபாஸ் குரலைத் தாழ்த்தினான். "முப்பத்து நாலு வருஷம் கழிச்சி உன் வாசப்படி மிதிக்கிறேன்டா. அன்னிக்கு நீ எனக்குப் போடாத ஓட்டை இன்னிக்குப் போட்டுடு. பழசெல்லாம் மறந்துடறேன்."

 இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மாணிக்கராஜ் பாதி ஆயுளைக் கழித்திருந்தான்.

கதை பழையது. மூன்று பேரும் கோலார் தங்கவயல் காலேஜில் ஒரே பெஞ்ச். கடைசி வருஷம் மாணவர் சங்கச் செயலாளர் பதவிக்கு பர்னபாஸும் வேந்தனும் போட்டி போட்டார்கள். காலேஜில் ஓட்டுச்சீட்டு அச்சடிக்க வக்கில்லை. முத்திரை குத்திய வெறும் சீட்டு ஒன்றைக் கையில் கொடுத்து, ஆளுக்கொரு பிஸ்கட் டின் வைத்து, யாருக்கு வேண்டுமோ அவர் டின்னில் போடு என்றார்கள். மாணிக்கராஜ் பர்னபாஸுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். ஆனால் வரிசையில் நிற்கும்போது வேந்தன் தன் சமோசாவில் பாதியைப் பிட்டு இவன் வாயில் வைத்துவிட்டான். சமோசா வாயில் இருக்கும்போது துரோகம் செய்ய முடியுமா? இந்த டின்னைப் பார்த்தான், அந்த டின்னைப் பார்த்தான், சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டான். மாலையில் முடிவு வந்தது. பர்னபாஸ் ஒரே ஒரு ஓட்டில் தோல்வி.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த மகானுபாவன் நேரே பர்னபாஸிடம் போய்ச் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்துக் காட்டி மன்னிப்புக் கேட்டான்.

"நீ போட்டிருந்தா டை ஆயிருக்கும்டா! ஆளுக்கு ஆறு மாசம் செக்ரெட்டரியா இருந்திருப்போம்!" என்று கத்திவிட்டுப் போனவன்தான் பர்னபாஸ். அதோடு பேச்சு நின்றது. இரண்டு வருஷம் கழித்து வேந்தனின் தங்கை வெண்ணிலாவை மாணிக்கராஜ் கட்டிக்கொண்டதும் ஊர் முழுக்கச் சொன்னான்: "ஒரு ஓட்டைக் குடுத்துப் பொண்ணை வாங்கினவன்!" சாம்பியன் ரீஃப் மார்க்கெட்டில் கறிகாய் வாங்கும்போதுகூட இவனைப் பார்த்து நாலு பேர் சிரித்தார்கள்.

அப்படிப்பட்டவன் இன்று கைகூப்பி நிற்கிறான்.

"உனக்குத்தான்டா," என்று மாணிக்கராஜ் கிசுகிசுத்தான். "சத்தியமா உனக்குத்தான். இப்ப போயிடு."

உள்ளேயிருந்து வெண்ணிலா கேட்டாள். "யாருங்க அது?"

"பழைய பேப்பர்காரன்!"

உள்ளே வந்தால் வேந்தன் கை கழுவிக்கொண்டே சிரித்தான். "மாப்ள, நம்ம வூட்டு ஓட்டைப் பத்தி நான் கவலையே படல. இல்லியா?"

"அதெப்படி மச்சான் கவலைப்படுவே?" என்றான் மாணிக்கராஜ். வேறு என்ன சொல்வான்? பெண் கொடுத்த வீடு.

அந்த மட்டில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் மறுநாள் ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தால், கதவில் பர்னபாஸின் இஸ்திரிப் பெட்டிச் சின்னம் ஒட்டியிருந்தது. வெண்ணிலா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாங்க இது?"

"எவனோ ஒட்டிட்டு போயிருக்கான். அண்ணன் நோட்டீஸை அது மேல ஒட்டிடு. மறைஞ்சிடும்."

இவன் யோசனை எப்போதும் இப்படித்தான். வேந்தன் நோட்டீஸோடு நிற்கவில்லை. இரண்டு ஆட்களை அனுப்பி வீட்டின் நெற்றியிலேயே பேனர் கட்டிவிட்டான்: ‘மாணிக்கராஜ் குடும்பத்தின் ஓட்டு அண்ணன் வேந்தனின் தள்ளுவண்டிக்கே!’ பேனரில் மாணிக்கராஜின் கல்யாணப் போட்டோ வேறு. ஸ்கெலட்டன் ஏரியா வரை போகிற ஆட்டோக்காரனெல்லாம் நிறுத்திப் படித்துவிட்டுப் போனான்.

அரை மணி நேரத்தில் போன் வந்தது.

"மறுபடியும் அதே வேலைதானே?" என்றான் பர்னபாஸ்.

"டேய், பேனரு வெளியேதான்டா. உள்ளுக்குள்ள நீதான்."

"உள்ளுக்குள்ள இன்னா, எக்ஸ்ரேவா எடுத்துப் பார்க்கட்டும்?"

இத்தனைக்கும் இந்த இரண்டு பேரில் யார் வந்தாலும் வார்டுக்கு ஒன்றும் விடிந்துவிடப் போவதில்லை. இரண்டு நோட்டீஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெயரும் சின்னமும்தான் வேறு. குடிதண்ணீர் தினமும் விடுவோம். சாக்கடை எடுப்போம். சுரங்கத்திலிருந்து எடுத்துக் கொட்டிய சயனைட் மண் காற்றில் பறந்து வீட்டுக்குள் வராமல் தடுப்போம். கடைசியாக, மூடிய சுரங்கத்தைத் திறப்போம்! வார்டு கவுன்சிலர் வந்து சுரங்கத்தைத் திறக்கிறாராம். மாணிக்கராஜின் தெருவில் பைப்பைத் திறந்தாலே காற்றுதான் வருகிறது.

ஆகவே அவனுக்கு வேண்டியது கவுன்சிலர் இல்லை. ஒரு பக்கம் பழைய சிநேகிதம், இன்னொரு பக்கம் வீட்டுச் சோறு. இரண்டும் கெடாமல் தேர்தல் தேதி கழிந்தால் போதும். ஓட்டே போடாமல் தப்பித்துவிடுவது என்று முடிவு செய்தான்.

"அன்னிக்கு எனக்கு டூட்டி. ஸ்டாக் எடுக்கிறாங்க. லீவு கெடையாது," என்று வீட்டில் அறிவித்தான்.

மறுநாளே வேந்தன் வந்தான். "மாப்ள, உங்க மேனேஜர்கிட்ட பேசிட்டேன். தேர்தலன்னிக்கு உனக்கு சம்பளத்தோட லீவு. ஜனநாயகக் கடமைக்காக இவ்வளவு தவிக்கிற ஆளை இப்பதான் பார்க்கிறேன்னு உன்னை ஒரே புகழ்ச்சி!"

மாணிக்கராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொன்னான்.

தேர்தலுக்கு நாலு நாள் இருக்கும்போது அவனுக்கு இன்னொரு யோசனை உதித்தது. பட்டனை அழுத்த விரல் வேண்டும். விரலே இல்லையென்றால்? ஆண்டர்சன்பேட்டை மெடிக்கல் ஷாப்பில் ஆறு சுருள் பேண்டேஜ் வாங்கி, பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு மறைவில் நின்று, பல்லால் இழுத்து இழுத்து இரண்டு கையையும் முழங்கை வரை சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"ஐயய்யோ! இன்னாங்க ஆச்சி?" வெண்ணிலா அலறினாள்.

"ரயிலு கதவுல மாட்டிகிச்சி. பத்து விரலும். டாக்டரு ரெண்டு வாரம் அவுக்கக் கூடாதுன்னுட்டாரு."

பொய் சொன்னதற்குக் கூலி கைமேல் கிடைத்தது. மூக்கு அரித்தால் சுவரில் தேய்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. கொசு கடித்தால் அதுவாகப் போகும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. வெண்ணிலா குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி ரசஞ்சோறு ஊட்டினாள். ஊட்டிக்கொண்டே கண் கலங்கினாள். அதைப் பார்க்கத்தான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

பர்னபாஸ் தெருமுனையில் மடக்கினான். இரண்டு கட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சுண்டு விரலாவது வெளிய தெரியுதா?"

"இல்லடா."

"அன்னிக்கு ஓட்டைப் பாக்கெட்டுல போட்டே. இன்னிக்கு விரலையே மூட்டை கட்டிட்டே. உன்னை நம்பி நான் தேர்தல்ல நிக்கிறேன் பாரு, என்னைச் சொல்லணும்!" அவன் கோபமாகச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. அழுகிற குரலில் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான்.

அடுத்ததாக வேந்தன் ஒரு கூடை சாத்துக்குடியோடு வந்தான். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"மாப்ள, பயப்படாதே. சட்டம் இருக்குது! கை முடியாதவங்களுக்குக் கூட ஒருத்தர் வந்து பட்டனை அழுத்தலாமாம். நம்ம வெண்ணிலா இருக்காளே!"

"உங்களுக்கு ஒரு கஷ்டமும் வேணாங்க," என்றாள் வெண்ணிலா. "நீங்க சும்மா நின்னா போதும். எங்க அண்ணனுக்கு நானே அழுத்திடறேன்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ஓட்டே போடாமல் தப்பிக்கப் பார்த்தவனின் ஓட்டு, அவன் அனுமதி கேட்காமலே தள்ளுவண்டியில் ஏறிவிட்டது. அவனுக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. வேந்தன் மேலும் இல்லை, பர்னபாஸ் மேலும் இல்லை, தன் மேல்தான். ஐம்பத்து நாலு வயதிலும் ஒரு டின்னை முடிவு செய்ய முடியாதா? செத்தால் கூட, ‘ஓட்டைப் பாக்கெட்டில் போட்டவன்’ என்றுதானே பேசுவார்கள்?

தேர்தலன்று பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடியில் வெண்ணிலா முன்னால் நடக்க, அவன் இரண்டு கட்டுக் கைகளையும் தூக்கிக்கொண்டு பின்னால் போனான். மேஜையில் இருந்த அதிகாரி மஞ்சுநாத் இந்த ஊருக்குப் புதியவர். கன்னடம்தான், தமிழ் தெரியாது.

"ஏனாய்த்ரீ?" என்று பரிதாபமாகக் கேட்டார், என்ன ஆயிற்றென்று.

வெண்ணிலா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மாணிக்கராஜ் பல்லால் இரண்டு கை பேண்டேஜின் நுனியையும் மாறி மாறிக் கவ்வி இழுத்தான். கட்டு சரசரவென்று அவிழ்ந்து தரையில் விழுந்தது. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பத்து விரலும் பளபளவென்று வெளியே வந்தன.

"வாசி ஆய்த்து சார்," என்றான். குணமாகிவிட்டதாம்.

"ஈகலேனா?" மஞ்சுநாத்துக்கு வாய் மூடவில்லை. இப்போதேவா என்று கேட்காமல் அவர்தான் என்ன செய்வார்? விரலில் மை வைத்து அனுப்பினார்.

வெண்ணிலாவின் பார்வை முதுகில் சுட்டது. அட்டை மறைப்புக்குள் போனான். தள்ளுவண்டியைப் பார்த்தான். வாயில் சமோசா இல்லை. கண்ணை மூடிக்கொண்டு இஸ்திரிப் பெட்டியை அழுத்தினான். மெஷின் ‘பீப்’ என்றது.

வெளியே வந்ததும் வெண்ணிலா ஒன்றுதான் கேட்டாள். "எங்க அண்ணனுக்குத்தானே?"

"பின்னே?"

அவள் ஒரு விநாடி அவன் விரல்களையே பார்த்துவிட்டு நடந்தாள்.

இரகசிய வாக்குதான், யாருக்குத் தெரியப் போகிறது என்று இருந்தான். முடிவு வந்தது. பர்னபாஸ் நானூற்றுப் பன்னிரண்டு, வேந்தன் நானூற்றுப் பதினொன்று.

பத்து ஓட்டு வித்தியாசமாக இருந்தால் பழியைப் பத்துப் பேர் தலையில் பங்கிட்டிருக்கலாம். ஒரே ஒரு ஓட்டு. வெண்ணிலா கத்தவும் இல்லை, அழவும் இல்லை. "கையில அடின்னு நாலு நாள் ஊட்டி விட்டேனே," என்று மட்டும் சொல்லிவிட்டு, இரண்டு புடவையைப் பையில் போட்டுக்கொண்டு ஊருக்குள்ளேயே மைசூர் மைன்ஸில் இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். சமாதானம் பேசப் போனவனை வேந்தன் வாசலிலேயே நிறுத்தினான்.

"அன்னிக்கு ஓட்டுக்குப் பொண்ணைக் குடுத்தேன்னு ஊரே பேசிச்சி. பொறுத்துகினேன். இப்ப பொண்ணையும் குடுத்து ஓட்டும் போச்சேடா மாப்ள!"

கதவு சாத்திக்கொண்டது. மாணிக்கராஜுக்கு அழுகையாக வந்தது. ஆனாலும் எங்கோ ஒரு மூலையில் நெஞ்சு லேசாகத்தான் இருந்தது. பெண்டாட்டி இன்றைக்கில்லாவிட்டால் அடுத்த வாரம் வருவாள். முப்பத்து நாலு வருஷத்துப் பழியாவது தீர்ந்ததே!

அந்த நெஞ்சோடுதான் பர்னபாஸ் வீட்டு வெற்றி விருந்துக்குப் போனான். பந்தல் போட்டு பிரியாணி நடந்துகொண்டிருந்தது. பர்னபாஸ் ஓடி வந்து, தன் கழுத்து மாலையைக் கழற்றி இவனுக்குப் போட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டான். ஐம்பத்து நாலு வயது மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"போட்டுட்டேடா மாணிக்கம்! அன்னிக்குப் போடாததை இன்னிக்குப் போட்டுட்டே! என்னை ஜெயிக்க வெச்ச ஒரு ஓட்டு உன்னுதுடா!"

மாணிக்கராஜும் அழுதான். கூட்டம் கை தட்டியது.

பந்தி மூலையில் ஒரு பெரியவர் எலும்பைக் கடித்துக்கொண்டே இதை வேடிக்கை பார்த்தார். காலேஜில் அட்டெண்டராக இருந்து ரிடையரான காத்தவராயன்.

"இன்னாத்துக்குப்பா ரெண்டு பேரும் அழுவுறீங்க?"

"காத்தவராயண்ணே, உங்களுக்குத் தெரியாததா?" என்றான் மாணிக்கராஜ், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நீங்களும் பிரின்சிபாலும்தானே அன்னிக்கு எண்ணினீங்க? இவன் ஒரே ஒரு ஓட்டுல தோத்தான். அது என் ஓட்டு."

காத்தவராயன் எலும்பை இலையில் வைத்தார்.

"எங்கப்பா எண்ணினோம்? பாதி எண்ணும்போது சுரங்கத்துக்குள்ள பாறை வெடிச்சி பூமி குலுங்கிச்சி, நீங்கல்லாம் கிரவுண்டுக்கு ஓடிட்டீங்க, உள்ள ரெண்டு டின்னும் உருண்டு சீட்டெல்லாம் ஒண்ணாக் கலந்துபோச்சி. பிரின்சிபால் எட்டணாவைச் சுண்டிப் போட்டுப் பார்த்துட்டு, ‘வேந்தன் ஒரு ஓட்டுல ஜெயிச்சான்னு எழுதிடு காத்தவராயா, அப்பதான் பசங்களுக்குள்ள மனஸ்தாபம் வராது’ன்னாரு!"