பூஜையில் வைத்த லேப்டாப்

திவால் சட்டம் படித்தவனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள் என்பது ஊரறிந்த விஷயம். வேலை கொடுக்கவும் யோசிப்பார்கள் என்பதை நான் தெரிந்துகொண்டது கொல்கத்தா கிடர்பூர் குவார்ட்டர்ஸில், என் அறையிலேயே. இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று ஆன்லைனில் நேர்முகத் தேர்வு வைத்திருந்தது. கிடைத்தால் தற்காலிக விரிவுரையாளர் பிழைப்பிலிருந்து விடுதலை. அவர்கள் குறித்த நாளோ சரஸ்வதி பூஜை. (கொல்கத்தாவே துர்கா பூஜையில் கிடக்கிறது என்று அவர்களுக்கு யார் சொல்வது?) குளித்துவிட்டு வந்தால் மேஜையில் லேப்டாப் இல்லை. பூஜை அறையில், என் ஆய்வேட்டின் மேல், சந்தனம் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தது.

“அம்மா, மூணு மணிக்கு இன்டர்வியூ!”

“நாளைக்குக் காலைல பூஜை பண்ணித்தான் எடுக்கணும். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது.”

“எனக்கு மட்டும் ஒரு தடவை...”

“உனக்குன்னா தனிச் சட்டமா?”

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். திவால் வழக்கு ஏற்கப்பட்டதும் அந்த நிறுவனத்தின் சொத்தை யாரும் தொடக்கூடாது என்று தடை விழும். அந்தத் தடையிலிருந்து ஒருவருக்கும் விலக்கு கூடாது என்று முந்நூறு பக்கம் எழுதித்தான் நான் முனைவர் பட்டமே வாங்கியிருந்தேன்.

அம்மா பக்கத்து வீட்டு வங்காளி அண்ணிக்குச் சுண்டல் கொடுக்கப் போனார். நான் எடுத்துவிட்டேன்.

திரையில் மூன்று பேர். நடுவில் இருந்த பேராசிரியைக்குத் தமிழ்ப் பெயர். (சந்தோஷம் வேறு பட்டேன், மடையன்.) “விலக்கே கூடாதா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். தெருப் பந்தலில் மேளம் முழங்கிக்கொண்டிருந்ததால் நானும் முழங்கினேன். “கூடவே கூடாது! ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள். தடை என்றால் தடை!”

கதவு திறந்தது.

“டேய்! நாளை வரைக்கும் தொடாதேன்னேனா இல்லையா? நான் அந்தப் பக்கம் போனதும் திருட்டுத்தனமா எடுத்துட்டு வந்துட்டியே, வெக்கமா இல்ல?”

இரண்டு பேர் விழித்தார்கள். பேராசிரியை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு வரிக்கு வரி மொழிபெயர்த்தார். யார் கேட்டார்கள் இவரை? போதாக்குறைக்குத் தமிழிலேயே, “உங்களுக்கு மட்டும் எந்தப் பிரிவுல விலக்கு தம்பி?” என்றார்.

வேலை கிடைக்கவில்லை. இதில் என் தப்பு என்ன, சொல்லுங்கள்! அம்மாவிடம் கேட்டால், “ஊருக்கு ஒண்ணு சொல்லிட்டு நீ ஒண்ணு பண்ணினா எவன் குடுப்பான்?” என்கிறார். பெற்ற தாய்!

இப்போது கொல்கத்தாவிலேயே சால்ட் லேக்கில் ஒரு கல்லூரியில் சட்டம் நடத்துகிறேன். அங்கே என் பேச்சுக்கு மரியாதை உண்டு. வீட்டில், “சாப்பிடும்போது யாரும் போன் பார்க்கக்கூடாது” என்று சாதாரணமாகச் சொன்னால்கூட, மனைவி கரண்டியை வைத்துவிட்டுக் கேட்கிறாள்: “எல்லாருக்குமா, இல்ல உங்களைத் தவிர எல்லாருக்குமா?”

அம்மா புரையேறச் சிரிக்கிறார். இத்தனைக்கும் அது நடந்தபோது இவள் எங்கள் குடும்பத்திலேயே கிடையாது!