குலுங்காத வண்டி

மொக்கம்மாள் வண்டியை விட்டு இறங்க மாட்டேன் என்று சாதித்தாள். மடியில் முட்டைக் கூடை. கூடையின் அடியிலிருந்து மஞ்சளாக ஒழுகி, அவள் சேலையை நனைத்து, பலகை வழியாக வண்டியோட்டியின் கால்மாட்டுக்கே வந்துவிட்டது.

"எறங்கு ஆத்தா. சந்தை வந்திருச்சு" என்றான் கர்ணன்.

"எறங்கி? அறுவது முட்டையில முழுசா நாலு கெடக்கு. அதுவும் நான் எறங்கணும்னா, என் இடுப்பு எங்கன இருக்குன்னு மொதல்ல தேடணும்."

"ரோடு அப்பிடிக் கெடக்கு. நான் என்ன செய்ய?"

"ரோட்டுலயா ஏறி உக்காந்தேன்? ஒன் வண்டியில ஏறித்தான உக்காந்தேன்."

கர்ணனுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆண்டிபட்டி ரயில் ஸ்டேஷனிலிருந்து எட்டு மைல் தள்ளி, மயிலாடும்பாறைக்குப் போகிற பாதையில் இருந்தது அவன் ஊர். ஊரில் ஆள் ஏற்றுகிற கூண்டுவண்டி அவனுடையது ஒன்றுதான். பதினொரு வருஷமாக ஒருவரும் குறை சொன்னதில்லை என்று நம்பிக்கொண்டிருந்தான். மாடுகளின் கழுத்து மணிச் சத்தத்தில் அவன் காதில் விழுந்ததில்லை என்பதுதான் நிஜம்.

மறுநாளே பலகையின் மேல் ஒரு முழ உயரத்துக்கு வைக்கோலைப் பரப்பினான். முதல் சவாரியில், பின்னால் வந்த வண்டி மாடுகள் கழுத்தை நீட்டி வைக்கோலை இழுத்துத் தின்றன. வைக்கோலோடு, தூங்கிக்கொண்டிருந்த ஒரு ஜவுளி வியாபாரியின் வேட்டியும் பாதிக்கு மேல் போய்விட்டது. ஸ்டேஷனில் அவர் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. மொக்கம்மாளாவது காரணத்தை வாய்விட்டுச் சொன்னாள்.

அந்த வாரம் பஞ்சுப் பொதி இறக்கத் தேனிக்குப் போயிருந்தான். அரவை மில்லின் பின்பக்கம், பழைய மிஷினிலிருந்து கழற்றிய ஸ்பிரிங்குகள் குவியலாகக் கிடந்தன. தெரியாமல் ஒன்றின் மேல் காலை வைத்தான். அது அமுங்கியது. காலை எடுத்தான். நிமிர்ந்தது. மறுபடி வைத்தான். கங்காணி வந்து விரட்டும்வரை வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் சுவரில் கரியால் படம் போட ஆரம்பித்தான். அவன் மனைவி பவுனு சட்டியோடு நின்று பார்த்தாள்.

"எட்டுக்கால் பூச்சியா?"

"சக்கரம். நடுவுல குடம், சுத்தி வட்டம். ரெண்டையும் சேத்துப் பிடிக்க மர ஆரக்கால் இருக்குல்ல, அதப் பூராவும் எடுத்துட்டு ஸ்பிரிங்கு வச்சிர்றது. சக்கரம் குழியில விழுந்தா ஸ்பிரிங்கு வாங்கிக்கிரும். மேல உக்காந்திருக்கிற ஆளுக்குச் சேதியே போகாது."

பவுனு படத்தைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். சட்டியை இறக்கி வைத்தாள்.

தச்சும் கொல்லும் சேர்த்துச் செய்கிற அழகர் ஆசாரி லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆரக்கால் இல்லாத சக்கரம் எங்க வம்சத்துலயே செஞ்சதில்ல" என்றார். "இனிமே செஞ்சதுன்னு சொல்லிக்கிரலாம்ல" என்றான் கர்ணன். அந்தப் பேச்சு ஆசாரிக்குப் பிடித்துப்போனது.

கர்ணன் மில்லில் விலைக்கு வாங்கி வந்த பழைய ஸ்பிரிங்குகள் ஒரு சக்கரத்துக்குத்தான் காணும். மாட்டிப் பார்ப்போமே என்று மாட்டினார்கள். மாடு பூட்டவில்லை. நுகத்தடியைக் கல்மேல் முட்டுக்கொடுத்துவிட்டு, பவுனுவை ஏறி உட்காரச் சொன்னான் கர்ணன். அவள் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் ஒரு சாண் மெதுவாக இறங்கியது. பவுனு உட்கார்ந்த வாக்கிலேயே சறுக்கி வெளியே வந்து, தரையிலும் அதே வாக்கில் உட்கார்ந்தாள். வண்டியில் உட்கார்ந்திருந்தவள் தெருவில் எப்படி உட்கார்ந்திருக்கிறோம் என்று புரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

"ஸ்பிரிங்கு எளசு" என்றார் ஆசாரி.

கர்ணன் மறுபடி தேனிக்குப் போய், பஞ்சைப் பொதியாக அமுக்குகிற மிஷினின் ஸ்பிரிங்குகளை வாங்கி வந்தான். ஒவ்வொன்றும் தொடைப் பருமன். இந்தமுறை இரண்டு சக்கரத்துக்கும். சோதனைக்கு ஆள் வேண்டியிருந்தது. பவுனுவிடம் கேட்க அவனுக்குத் துணிச்சல் வரவில்லை. அவளுடைய அண்ணன் ஒச்சாண்டியைக் கூப்பிட்டான். ஒச்சாண்டி சொந்தமாகக் கட்டைவண்டி வைத்துக் கல்லும் விறகும் ஏற்றுகிறவர். நல்ல கனமான ஆள்.

"மாப்ளே, ஒண்ணும் ஆகாதுல்ல?"

"மெத்தையில படுத்த மாதிரி இருக்கும் மச்சான்."

முதல் குழியில் சக்கரம் இறங்கியது. ஸ்பிரிங்குகள் அமுங்கின. பிறகு, பொதி அமுக்கிப் பழகிய அத்தனை பலத்தோடும் நிமிர்ந்தன. கர்ணன் திரும்பிப் பார்த்தபோது ஒச்சாண்டியின் உடம்பு இருந்தது. தலை இல்லை.

கர்ணன் கயிற்றை இழுத்தான். மாட்டை நிறுத்திக் கீழே குதித்துப் பார்த்தான். கூண்டின் மூங்கில் பாயைப் பிய்த்துக்கொண்டு தலை மேலே போயிருந்தது. வண்டிக்கு மேல் தலை மட்டும், கண்ணைக்கூடச் சிமிட்டாமல், மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மச்சான்?"

"மாப்ளே, இங்கனருந்து நம்ம ஊரு நல்லாத் தெரியுது" என்றது தலை, ஈனமான குரலில்.

கூண்டை அறுத்தால்தான் ஆளை எடுக்க முடியும். அரிவாள் வீட்டில் இருந்தது. ஆகவே அந்தக் கோலத்திலேயே வண்டி ஊருக்குள் நுழைந்தது. எதிரே வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். இரண்டு பேர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிடவும் செய்தார்கள். வாசலில் நின்ற பவுனு, தன் அண்ணன் தலை வண்டிக் கூரைமேல் வருவதைப் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்று நாள் புருஷனோடு பேச்சில்லை.

"துள்ளுறதத் தடுக்கணும்" என்றார் ஆசாரி. ஸ்பிரிங்குக்கும் வட்டத்துக்கும் இடையில் மாட்டுத்தோலைப் பட்டை பட்டையாக மடித்துத் திணித்தார்கள். துள்ளல் அடங்கியது. ஆனால் தோல் வாசனைக்கு ஊர் நாய்கள் மொத்தமும் பின்னால் வந்தன. நாய்களைக் கண்டு மாடுகள் மிரண்டு ஓடின. வண்டி சோளக்காட்டில் புகுந்து, வாய்க்காலில் இறங்கி, மறுகரையில் ஏறி, களத்தைச் சுற்றி வந்து நின்றது. ஊரே கர்ணன் செத்தான் என்று ஓடி வந்தது. அவன் வண்டிமேல் முகமெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்திருந்தான்.

"வாய்க்கால்ல எறங்குனது எனக்குத் தெரியவே இல்ல" என்றான்.

தோலுக்கு வேப்பெண்ணெய் பூசினார்கள். நாய்கள் விலகின. கர்ணன் ஒரு செம்பு நிறையத் தண்ணீரைப் பலகைமேல் வைத்து ஸ்டேஷன்வரை ஓட்டினான். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. மொக்கம்மாள் தான் ஏற மறுத்து, முட்டைக் கூடையை மட்டும் ஏற்றிவிட்டு, நடந்தே சந்தைக்குப் போனாள். அறுபதும் முழுசாக இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள். பிறகு இன்னொரு தடவை எண்ணினாள்.

இப்படி ஒரு சக்கரம் உலகத்துக்குத் தெரிய வேண்டாமா? பள்ளிக்கூட வாத்தியாரைப் பிடித்து, மதுரையில் இருக்கிற எஞ்சினியருக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னான் கர்ணன். ஐயா அவர்கள் நேரில் வந்து, ஏறி உட்கார்ந்து, பரிசோதித்து ஒரு சர்ட்டிபிகேட் தர வேண்டியது என்று எழுதிப் போட்டார்கள். இரண்டு மாதம் பதில் இல்லை.

தை மாதக் கடைசியில் ஒருநாள் பவுனு கிணற்றடியிலிருந்து வேகமாக வந்தாள்.

"இந்தாங்க, வெள்ளிக்கிழமை ரயிலுக்கு மதுரையிலருந்து எஞ்சினியரு வராகளாம்."

கர்ணன் கையிலிருந்த கஞ்சிக் கும்பாவைக் கீழே வைத்தான். "யாரு சொன்னா?"

"கிணத்தடியில பேசிக்கிட்டாக. என்னயக் கண்டதும் எல்லாரும் வாய மூடிக்கிட்டாக. கூட்டிட்டு வர எங்கண்ணன் கட்டைவண்டி போகுதாம். அது மட்டும் காதுல விழுந்துச்சு."

அவன் நேரே கிராம முன்சீப்பிடம் போனான். "எஞ்சினியரா? எந்த எஞ்சினியரு?" என்றார் அவர், கன்றுக்குட்டியைத் தடவியபடி. ஆசாரி பட்டறையில் கேட்டான். ஆசாரி துருத்தியை வேகமாக ஊத ஆரம்பித்தார். ஒச்சாண்டியிடம் கேட்டான். "பேசுனா தலை வலிக்குது மாப்ளே" என்று அவர் படுத்துவிட்டார்.

கர்ணனுக்கு நம்பவே முடியவில்லை. கூடவே உட்கார்ந்து கஞ்சி குடித்தவர்கள். சக்கரத்தைப் பார்க்க வருகிற எஞ்சினியரைக் கல் ஏற்றுகிற வண்டியில் போட்டுக் குலுக்கி, சக்கரம் பக்கமே வரவிடாமல் திருப்பி அனுப்பத் திட்டம் போட்டிருக்கிறார்கள். ஒருத்தன் முன்னுக்கு வந்தால் இவ்வளவு எரியுமா ஜனங்களுக்கு?

வெள்ளிக்கிழமை விடியும் முன்பே ஆண்டிபட்டிக்குக் கிளம்பிப் போய், ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் வண்டியை மறைவாக நிறுத்திக்கொண்டான். ஒச்சாண்டியின் கட்டைவண்டி பிறகுதான் வந்தது. ரயில் வர நேரமிருக்கிறது என்று அவர் மாடுகளைத் தண்ணீர் காட்ட ஓட்டிக்கொண்டு போனார். அந்தச் சமயம் பார்த்து ரயில் வந்தது. கோட்டுப் போட்ட கனத்த மனிதர் ஒருவர் இறங்கினார். பின்னாலேயே காக்கி உடுப்பில் அவருடைய சேவகன், டவாலி ஞானசிகாமணி, கையில் ஒரு பெட்டியும் இரண்டு பெரிய தலையணைகளுமாக.

"எங்க ஊருக்குத்தான எஞ்சினியர் ஐயா?" என்று ஓடிப்போய்க் கும்பிட்டான் கர்ணன்.

"ஆமா. வண்டி நீதானா? ரொம்பக் குலுக்கும்னு கேள்விப்பட்டேன். அதான் தலகாணி."

"குலுக்குமா குலுக்காதான்னு ஐயாவே பாத்துச் சொல்லணும். அதுக்குத்தான வந்திருக்கீக?"

"அதுக்குத்தான்" என்றார் எஞ்சினியர்.

வண்டி கிளம்பி ஒரு பர்லாங் போவதற்குள் பின்னாலிருந்து சத்தம் கேட்டது. ஒச்சாண்டி இரண்டு மாட்டையும் கையில் பிடித்தபடி தெருவில் ஓடி வந்துகொண்டிருந்தார். என்னவோ கத்தினார். மணிச் சத்தத்தில் "மாப்ளே" என்பது மட்டும்தான் கேட்டது. கர்ணன் மாட்டைத் தட்டிவிட்டான்.

இரண்டாம் மைலில் எஞ்சினியர் கண்ணை மூடினார். மூன்றாம் மைலில் குறட்டை கேட்டது. டவாலி ஒரு தலையணையைத் தனக்கு வைத்துக்கொண்டு சாய்ந்துவிட்டான்.

நாலாம் மைலில் கர்ணன் அந்தக் காட்சியைக் கண்டான். ஊர் ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர், மண்வெட்டியும் கடப்பாரையுமாகப் பாதையின் நடுவே நின்று, இருக்கிற குழிகளை ஆழப்படுத்திக்கொண்டிருந்தார்கள். முன்சீப் குடை பிடித்து நின்று இடம் காட்டினார். அழகர் ஆசாரி, அந்தச் சக்கரத்தைச் செய்த அதே கையால், வாய்க்கால் தண்ணீரைக் குழிக்குள் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி மொக்கம்மாள் ஒரு பாறாங்கல்லைப் பாதைக்கு உருட்டிக்கொண்டிருந்தாள்.

அறுபது முட்டையை அலுங்காமல் கொண்டுபோய்ச் சேர்த்ததற்கு இதுவா பலன்? கர்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. நிறுத்தி நாலு வார்த்தை கேட்கலாமா என்று நினைத்தான். பின்னால் எஞ்சினியர் தூங்குகிறார். கயிற்றை இறுக்கிப் பிடித்து, குழிமேலேயே வண்டியை விட்டான். இறங்கியது, ஏறியது. குறட்டை நிற்கவில்லை. அடுத்த குழி. அதற்கடுத்தது. மொக்கம்மாளின் கல்மேலும் ஒரு சக்கரம் ஏறி இறங்கியது.

வேலை செய்துகொண்டிருந்தவர்கள் வண்டியைப் பார்த்தார்கள். உள்ளே தூங்குகிறவரைப் பார்த்தார்கள். முன்சீப்பின் குடை கைநழுவி வாய்க்காலில் விழுந்து மிதந்து போனது. யாரும் எடுக்கவில்லை. மொக்கம்மாள் அந்தக் கல்மேலேயே உட்கார்ந்து வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

'பாருங்க, நல்லாப் பாருங்க' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான் கர்ணன்.

ஊர் எல்லையில் எஞ்சினியர் கண் விழித்தார். "அட, வந்தாச்சா? எட்டு மைலும் ஒரு எடத்துலகூடக் குலுக்கவே இல்லையே" என்றார். பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்து முழங்கால்மேல் வைத்து மளமளவென்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். டவாலியிடம் கொடுத்துவிட்டு, கைகால் கழுவ முன்சீப் வீட்டுப் பக்கம் நடந்தார்.

பின்னாலேயே ஊர் வந்து சேர்ந்தது. மண்வெட்டிகளோடு, சேறு பூசிய கால்களோடு வண்டியைச் சுற்றி நின்றார்கள். ஒச்சாண்டியும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். இவ்வளவு பேருடைய முகமும் ஒரே நேரத்தில் இப்படி வெளுத்துப்போய்க் கர்ணன் பார்த்ததில்லை. அவனுக்குச் சற்று இரக்கம்கூட வந்தது. தோற்றவர்களைக் குத்திக்காட்டக் கூடாது என்று தீர்மானித்து, டவாலி பக்கம் திரும்பினான்.

"ஏப்பா, என் சக்கரத்தப் பத்தி ஐயா என்ன எழுதியிருக்காக? எல்லாரும் கேக்கட்டும், சத்தமாப் படி."

ஞானசிகாமணி தாளை விரித்து ஒருமுறை தனக்குள் படித்துக்கொண்டான். பிறகு கர்ணனை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஒன் சக்கரத்துக்கும் ஐயாவுக்கும் என்னப்பா சம்பந்தம்? ரோட்டப் புதுசாப் போட்டு பஸ்ஸு விடணும், வண்டிக்காரன் கர்ணனுக்கு மட்டும் தெரியக் கூடாதுன்னு இந்த ஊரே கைநாட்டு வச்சு மனுப் போட்டுச்சுல்ல, அத விசாரிக்கத்தான் வந்தாக. ரோடு மெத்தை மாதிரி இருக்கு, இன்னும் இருவது வருசத்துக்குக் கை வைக்க வேண்டாம்னு எழுதிட்டாக."