ஜெனரேட்டருக்கு உண்டு, எனக்கு இல்லை

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். உன் உடம்பு தேறியிருக்கவும் அத்தானின் கோபம் தணிந்திருக்கவும் வேண்டுகிறேன். போனில் சொன்னால் நீ அழுவாய், நான் கத்துவேன்; அதனால்தான் கடிதம். அடுத்த வியாழக்கிழமை உன் இதய ஆபரேஷனுக்கு நான் வர முடியாது. லீவு இல்லை. தர மறுப்பது மனிதன்கூட இல்லை, ஒரு சாப்ட்வேர். அதற்கு அந்தப் புத்தியைப் புகட்டியவன் உன் தம்பிதான்.

எங்கள் டேட்டா சென்டரில் சர்வர் அறை, பேட்டரி அறை, ஏசி என்று எந்த வேலையை யார் எப்போது செய்வது என்பதை இனிமேல் சாப்ட்வேரே பங்கு போடும் என்றார்கள். அதற்கு முன்னால் ஒவ்வொருவருக்கும் என்னென்ன வேலை தெரியும், எந்த நேரத்தில் கிடைப்பார் என்று கட்டங்களை நிரப்ப வேண்டும். மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "உங்களுக்குத்தான் எல்லாரையும் தெரியும், நீங்களே போட்டுடுங்க" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே ஆளாளுக்கு என் மேசைக்கு வந்தார்கள். பேட்டரிக்காரர், "எனக்கு முதுகு வலி சார், தூக்குற வேலைல டிக் போட்டுடாதீங்க" என்றார். ஏசி பார்க்கும் பெண், "பத்து மணிக்கு முன்னாடி வேணாம்ணா, பிள்ளைய ஸ்கூல்ல விடணும்" என்றாள். கேபிள்காரன் கொஞ்சமும் கூச்சமில்லாமல், "எனக்கு எதுவுமே சரியா தெரியாதுன்னு போடுங்கண்ணா" என்றான். கேட்டவர்களுக்கெல்லாம் கேட்டபடி போட்டுக் கொடுத்தேன், பெரிய வள்ளல் நான்! என் முறை வந்ததும் எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்தேன். இருபத்தாறு வருஷ அனுபவத்தை வைத்துக்கொண்டு தெரியாது என்று போடக் கை வரவில்லை அக்கா. நேரம் கேட்ட இடத்தில் 'எப்போதும்' என்று போட்டேன்.

மறுநாளே பங்கு வந்தது. மற்ற ஆறு பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம், மீதி மொத்தமும் என் தலையில். ஆளையும் இயந்திரத்தையும் ஒன்றாகப் போட்ட அந்தப் பட்டியலில் எனக்கு மேலே ஜெனரேட்டர், கீழே சர்வர் ஏற்றும் தள்ளுவண்டி. ஜெனரேட்டருக்கு மாதம் ஒருநாள் பராமரிப்பு ஓய்வு உண்டு, எனக்கு இல்லை. லீவு கேட்டால், இத்தனை வேலையும் தெரிந்த மாற்று ஆள் யார் என்று கேட்கிறது. யார் பெயரைப் போட்டாலும் செல்லாது என்கிறது. என் டிக்குகளை மாற்றிப் போடுகிறேன் என்று மேலாளரிடம் போய் நின்றேன். "தலைமை ஆபீஸ் பார்த்து ஒத்துக்கிட்டாதான் மாத்த முடியும். அதுவும் இல்லாம, உங்க இடத்துல வேற யாரை வைக்கிறது, சொல்லுங்க?" என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போதும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. வெளியே வந்த பிறகுதான் வயிறு எரிந்தது. முதுகு வலிக்காரர் இந்த வாரம் மலையேறப் போயிருக்கிறார். உச்சியில் நின்று எடுத்த படத்தை எனக்கு அனுப்பியபோது நான் அவருடைய பேட்டரியைத் தூக்கிக்கொண்டிருந்தேன்.

அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் நீ. உன்னை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகும்போது வாசலில் நிற்கக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அத்தான் திட்டினால் திட்டட்டும், நியாயம்தான். எல்லாம் நல்லபடியாக முடிந்து நீ நூறு வயது இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு என் அன்பு.

உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் மேலாளர் கூப்பிட்டார். தலைமை ஆபீஸ் பட்டியலைப் பார்த்ததாம். இத்தனை வேலைக்கும் ஒரே ஆளை நம்பியிருப்பது நிறுவனத்துக்கு ஆபத்தாம். என் வேலை மொத்தத்தையும் வெளியாட்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். மற்ற ஆறு பேரும் இருக்கிறார்கள். நான் திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாமாம். புதன்கிழமையே உன் பக்கத்தில் இருப்பேன். அத்தானிடம் மட்டும், லீவு கிடைத்துவிட்டது என்று சொல்லி வை.