கிடைக்கக் கூடாத தீர்ப்பு

தீர்ப்பைக் கரையான் தின்றுவிட்டது என்று வாய்தாக்காரர் சொன்னார். மருமகள் அதை அப்படியே நம்பிவிட்டாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது. அவள் நம்பாமல் நாலு வார்த்தை பேசியிருந்தால், அவர் கோபித்துக்கொண்டு போய்ப் படுத்திருக்கலாம்.

"ஐயோ பாவம். பரவாயில்ல மாமா, கோர்ட்ல மனு குடுத்தா நகல் தருவாங்க. நாளைக்கு லீவு போடறேன். ரெண்டு பேரும் போய் வாங்கிட்டு வந்துடலாம்."

"உனக்கு எதுக்கும்மா வீண் அலைச்சல்?"

"எனக்கு என்ன அலைச்சல்? ஸ்கூட்டர்லதானே போறோம்."

வாய்தாக்காரர் என்பது அவருடைய பெயர் அல்ல. பெயிண்ட் கடை வைத்திருந்தவர். இப்போது கடையை மகன் பார்த்துக்கொள்கிறான். அவர் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரு சந்து. குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் போக முடியாது. அவ்வளவு பெரிய சந்து முழுக்கத் தனக்கே சொந்தம் என்று பக்கத்து வீட்டுக்காரர் மேல் ஒரு காலத்தில் கேஸ் போட்டார். அது வாய்தா வாய்தாவாக இழுத்தது. கடையைச் சிப்பந்தியிடம் விட்டுவிட்டுச் சளைக்காமல் கோர்ட்டுக்கு நடந்தார். தெரு அவருக்கு இந்தப் பட்டத்தைக் கொடுத்தது.

கடைசியில் தீர்ப்பு வந்தது. சந்து இரண்டு வீட்டுக்கும் பொது, அதில் யாரும் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது என்று நீதிபதி சொல்லிவிட்டார். வாதியிடம் இருப்பது உரத்த குரல் மட்டுமே, ஆவணம் எதுவும் இல்லை என்று தனியாக ஒரு வரியும் எழுதி வைத்தார்.

அன்றைக்கு அவர் வீடு திரும்பியபோது நல்ல பசி. மனைவி அடுப்படியிலிருந்து, "ஜெயிச்சாச்சா?" என்று கேட்டாள். இல்லை என்றால் கதை முழுவதையும் சொல்ல வேண்டும். முதலில் சாப்பிடுவோம், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தலையை ஆட்டி வைத்தார். அவர் கை கழுவிவிட்டு வருவதற்குள் அந்தச் செய்தி கொல்லைப்புறச் சுவர் வழியாகத் தெருமுனை வரை போய்விட்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கண்ணியமான மனிதர். தான் ஜெயித்ததைப் பற்றி மூச்சு விடவில்லை. அடுத்த கோடையிலேயே வேலை மாற்றலாகி, வீட்டை விற்றுவிட்டுப் போயும் விட்டார். அதன் பிறகு மறுத்துப் பேச ஆளே இல்லாமல் போயிற்று.

சும்மா சொல்லக் கூடாது, வெற்றியை அவர் நன்றாகவே பயன்படுத்தினார். டிவியில் எந்தச் சேனல், ஃபேன் எந்த வேகம், சுவருக்கு என்ன நிறம், எதில் தகராறு வந்தாலும் கடைசியில் ஒரே வாக்கியம்தான்: "கோர்ட்டே என் பக்கம் நின்னுச்சு, நீ என்ன?" மனைவி எப்போதோ அடங்கிவிட்டாள். மகன் அப்பா பேச்சை எடுத்தாலே கடைக்குக் கிளம்பிவிடுவான். மருமகள் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிறவள். எரிந்த கடை, மோதிய கார் என்று இழப்பீடு கேட்டு வருகிறவர்களை நாளெல்லாம் கேள்வி கேட்பதுதான் அவள் உத்தியோகம். அவளும் இந்த வாக்கியத்துக்கு மட்டும் பேசாமல் உள்ளே போய்விடுவாள்.

இப்போது மாடியில் ஒரு அறை கட்ட வேண்டும் என்று பேச்சு. மாடிப்படியை ஹால் மூலையில் வைக்கலாம் என்று எஞ்சினியர் பென்சிலால் கோடு போட்டார். அந்த மூலை வாய்தாக்காரருடையது. அவருடைய பிரம்பு நாற்காலி அங்கேதான் இருக்கிறது. பக்கத்தில் ஜன்னல். உட்கார்ந்த இடத்திலிருந்தே தெருவில் யார் வீட்டுக்கு யார் வருகிறார்கள், என்ன வாங்கி வருகிறார்கள், எத்தனை நேரம் கழித்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பிப் போகிறார்கள் என்பது வரை தெரியும். அதை விட்டுக் கொடுப்பதா? வாயைக் கொடுத்தார்.

"ஏன், வெளியில சந்து சும்மாத்தானே கிடக்கு? நம்ம சந்து. கோர்ட்டே சொல்லியாச்சு. படியை அங்க வைங்க."

எஞ்சினியருக்கு அவருடைய வீரத்தில் அக்கறை இல்லை. "அப்ப அந்தத் தீர்ப்போட நகல் ஒண்ணு குடுங்க சார். பிளானோட வைக்கணும்" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் அத்தாட்சி கேட்டதில்லை. கரையான் வந்தது அப்படித்தான்.

மறுநாள் காலை ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்து போகும்போது அவருக்கு ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. அது அரசாங்க அலுவலகங்களின் மேல். அவர் போன எந்த அலுவலகத்திலும் கேட்டது கேட்ட அன்று கிடைத்ததில்லை. நல்ல நாளிலேயே இல்லை என்கிறவர்கள், கிடைக்கக் கூடாது என்று ஒருவன் வேண்டிக்கொண்டு போகும்போதா எடுத்துக் கொடுத்துவிடப் போகிறார்கள்?

நகல் பிரிவில் அன்று உட்கார்ந்திருந்தது ஒரு சின்னப் பெண். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. அத்தனை உற்சாகம். நகல் மனுவும் கோர்ட்டு ஸ்டாம்பும் எங்கே வாங்குவது என்று அவள் சொல்ல வாயைத் திறப்பதற்குள் மருமகள் கைப்பையிலிருந்து இரண்டையும் எடுத்து நீட்டினாள். அவசர நகல் என்று மேலே எழுதியும் வைத்திருந்தாள். மாமனார் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

"கேஸ் நம்பர் சொல்லுங்க சார்" என்றது பெண்.

"அது ஆச்சும்மா எவ்வளவோ காலம். மறந்து போச்சு" என்றார் சோகமாக.

"பரவாயில்ல சார், வருஷம் சொன்னாப் போதும். பதிவேட்டைப் பார்த்துடலாம்."

அவர் ஒரு வருஷத்தைச் சொன்னார். அந்த வருஷம் அவர் கேஸே போடவில்லை. பெண் பெரிய பதிவேடு ஒன்றைத் தூக்கி வந்து, விரலை வைத்து வரிவரியாகத் தேடியது. இல்லை. அவர் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். ஆனால் அந்தப் பெண், "வயசானவங்களுக்கு முன்ன பின்ன ஞாபகம் இருக்கும்" என்று தானே சொல்லிக்கொண்டு முந்தின வருஷத்தையும் பிந்தின வருஷத்தையும் எடுக்கப் போனது. அவர் அவசரமாக மறித்தார்.

"வீணா சிரமப்படாதம்மா. அத்தனை பழைய கட்டெல்லாம் எப்பவோ அழிச்சிருப்பாங்க."

"மத்த காகிதத்தைத்தான் சார் அழிப்பாங்க. தீர்ப்பை எப்பவும் வச்சிருப்போம்" என்று ஆறுதல் சொன்னது. "உங்க வக்கீல் யாரு சார்? அவர்கிட்ட நம்பர் இருக்குமே."

வாய்தாக்காரர் குரலைத் தாழ்த்தினார். "அவர் காலமாயிட்டாரும்மா."

காலமானவர் அந்த நேரத்தில் கையில் டீ டம்ளருடன் தாழ்வாரத்தில் வந்துகொண்டிருந்தார். தலை நரைத்திருந்ததே தவிர, மற்றபடி சௌக்கியமாகத்தான் இருந்தார். வக்கீல்களுக்குக் கட்சிக்காரர்களின் பெயர் ஞாபகம் இருக்காது, கேஸ்தான் ஞாபகம் இருக்கும்.

"அடடே, சந்து! எங்க இந்தப் பக்கம்?" என்று அங்கிருந்தே கூப்பிட்டார்.

மருமகள் திரும்பிப் பார்த்தாள். வாய்தாக்காரர் இரண்டே எட்டில் வக்கீலைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். டீ சட்டையில் சிந்தியது. தீர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது, வீட்டு மானமே உங்கள் கையில் இருக்கிறது என்று கிசுகிசுத்தார். வக்கீலின் முகத்தில் தொழில் பெருமை வந்துவிட்டது. கட்சிக்காரர் ரகசியம் தன்னோடு சுடுகாட்டுக்குத்தான் போகும் என்று மார்பில் கை வைத்துச் சத்தியம் செய்தார். செய்துவிட்டு நேரே நகல் பிரிவுக்குப் போய், கேஸ் நம்பர், வருஷம், எந்தக் கோர்ட், என்றைக்குத் தீர்ப்பு என்று எல்லாவற்றையும் தங்குதடையில்லாமல் ஒப்பித்தார்.

"அது ரகசியம் இல்லியே" என்று வாய்தாக்காரரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார்.

"நல்லவேளை மாமா, அவர் உயிரோட இருக்கார்" என்றாள் மருமகள்.

"அவங்க அண்ணன் போனதை நான் இவர்னு நினைச்சுட்டேன்" என்று அவர் மென்று விழுங்கினார்.

இனி ஒரே வழிதான். பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, விசாரித்துக்கொண்டு ரெக்கார்டு ரூமுக்குப் போனார். உள்ளே கூரை வரை கட்டுகள். ஏணியின் மேல் பியூன் நின்றிருந்தான். இவர் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டிக்கொண்டே, கேஸ் நம்பரைச் சொல்லி, அந்தக் கட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்றார்.

"அவசரமா வேணுமா சார்?"

"கிடைக்கவே கூடாதுப்பா. தேடினோம், காணோம்னு சொல்லிடு. போதும்."

பியூன் ஏணியிலிருந்து இறங்கி வந்து அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"கிடைக்கணும்னுதான் சார் கவனிப்பாங்க. காணோம்னு சொல்றதை நாங்க சும்மாவே சொல்லிட்டிருந்தோம். புது ஜட்ஜ் ஐயா வந்ததிலேருந்து அதுவும் முடியல. ஒரு கட்டு காணோம்னா என்னைத்தான் கேக்கறார்."

சொல்லும்போதே அவனுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. பெரிய மனுஷன் ஒருத்தர் கட்டைக் காணாமல் அடிக்கத் திட்டம் போடுகிறார். நாளைக்கு விவகாரம் வந்தால் தலை யாருடையது? மளமளவென்று உள்ளே போனான். தேட வேண்டிய வேலையே இருக்கவில்லை. அந்தக் கட்டு மேலாகவே, தூசி தும்பு இல்லாமல் இருந்தது. இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவர் கண் எதிரிலேயே நகல் பிரிவுக்குக் கொண்டு போய்ச் சேர்த்தான். ஐயா ரொம்ப அக்கறையாக விசாரித்தார் என்று வேறு சொன்னான்.

"சாயங்காலத்துக்குள்ள முடியும்னு நினைச்சேன் சார். இப்ப மத்தியானமே குடுத்துடலாம்" என்றது பெண், தன் பணியின் முதல் வெற்றியில் முகமெல்லாம் மலர.

தாழ்வாரத்துப் பெஞ்சில் மாமனாரும் மருமகளும் காத்திருந்தார்கள். நகல் கொடுக்கும் ஜன்னல் மத்தியானம்தான் திறக்கும். உள்ளே டைப் அடிக்கும் சத்தம் கேட்டது. ஆவணம் எதுவும் இல்லை, உரத்த குரல் மட்டுமே. அந்த வரியைத்தான் இப்போது அடிக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அதை இவள் படிப்பாள். ராத்திரி மகன் படிப்பான். மனைவி கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் படிப்பாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர் சொல்லி ஒரு ஃபேன் சுற்றாது.

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார்.

சொன்னார். பசியையும் தலையாட்டியதையும்கூட விடவில்லை. சொல்லச் சொல்ல வெட்கம் பிடுங்கித் தின்றது. முடித்தபோது, இத்தனை வருஷமாகத் தூக்கிக்கொண்டு திரிந்ததை இறக்கி வைத்த மாதிரி கொஞ்சம் லேசாகவும் இருந்தது.

மருமகள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டாள். "அப்படியா மாமா?" என்று கேட்டாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

"அத்தைக்குத் தெரிய வேண்டாம். இவருக்கும் சொல்ல வேண்டாம். நகல் என்கிட்டயே இருக்கட்டும். சந்துல படி வச்சா மழைத்தண்ணி தேங்கும்னு எஞ்சினியர்கிட்ட நானே சொல்லிடறேன்."

"நீ நல்லா இருப்பேம்மா."

"அது சரி மாமா. ஆனா படியை எங்க வைக்கிறது? அதான் எனக்குத் தெரியல" என்று கவலையோடு அவரைப் பார்த்தாள்.

"எங்க வைக்கிறது? ஹால் மூலையிலயே வைங்க."

"உங்க நாற்காலி இருக்கே."

"நாற்காலியை எங்க தூக்கிப் போட்டாலும் நாற்காலிதானே."

"உங்களுக்கு மனசு கஷ்டமா இருந்தா வேண்டாம் மாமா."

"எனக்கு என்ன கஷ்டம்? நான்தான் சொல்றேனே, வைங்க" என்று அதட்டினார். பழைய அதட்டல் திரும்பி வந்ததில் அவருக்கே ஒரு திருப்தி. அந்த வேகத்திலேயே சுவருக்கு அவள் கேட்ட வெளிர் நீலத்துக்கும் சம்மதித்தார். சாயங்காலம் டிவியை அவள் பார்க்கலாம் என்றார். ஃபேனைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. அதையும் அவராகவே கொடுத்துவிட்டார்.

எத்தனை தரம் இந்தப் பெண்ணிடம் கோர்ட் கோர்ட் என்று மிரட்டியிருக்கிறோம், ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லையே என்று நினைத்தபோது அவர் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மருமகள் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஜன்னல் திறந்தது. உள்ளே காலையில் இருந்த பெண் இல்லை. வழுக்கைத் தலையுடன் வயதான எழுத்தர் ஒருவர் இருந்தார். கேஸ் நம்பரைப் படித்துக் கூப்பிட்டார். வாய்தாக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, முத்திரை வைத்த நகலை மருமகளிடம் நீட்டியவர், அவள் முகத்தைப் பார்த்ததும் கையை அப்படியே நிறுத்தினார்.

"ஏம்மா, இதே தீர்ப்புக்குப் போன மாசம்தானே உங்க கையில ஒரு நகல் குடுத்தேன், அதுக்குள்ள இன்னொண்ணு எதுக்கு?"