புகைக்கூண்டில் மைனா குடித்தனம்

சேசு மரி சூசை துணை

சின்னக்கானல்,
ஏப்ரல் 1974

அன்பும் அடக்கமும் உள்ள மாப்பிள்ளை கபிரியேலுக்கு, மாமனார் வேதமுத்து ஆசீர்வதித்து எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே யாவரும் சுகம். மறையூரில் உங்கள் சுகத்தையும், நிறைமாதமாக இருக்கும் என் மகள் பிலோமியின் சுகத்தையும் அறிய ஆவல்.

சுகம் என்று எழுதியது மரியாதைக்கு. சுகமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. "அடுப்பு எரியாத வீட்டுக்கு, அந்தக் குளிரில், தலைப்பிரசவத்துக்கு எப்படி அனுப்புவது? என் அம்மாவே பார்த்துக்கொள்வார்கள்" என்று எழுதிவிட்டீர்களே, தாய்வீடு இருக்க என் பேரப்பிள்ளை அங்கே பிறந்தால் இந்த எஸ்டேட் லயத்து வீடுகளில் நான் எப்படித் தலைகாட்டுவது? அடுப்பை அணைத்தது நானா? எங்கள் புகைக்கூண்டுக்குள் ஒரு ஜோடி மைனா கூடு கட்டிவிட்டது. அதற்கு முன்னால் கூரைமேல் அவை போட்ட ஆட்டத்தைச் சொல்ல வாய் கூசுகிறது. ஆண் தலையை ஆட்டி ஆட்டிக் கும்பிடு போட, பெண் கண்டுகொள்ளாமல் நடக்க, பூசைக்குப் போகிற சனமெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தது. பிறகு கந்தல், கோழியிறகு, பாம்புச் சட்டை, கொடியில் காய்ந்த என் கோவணத்துண்டு வரைக்கும் உள்ளே போய்விட்டது.

தள்ளிவிடலாம் என்று கம்பை எடுத்தால் உங்கள் மாமியார் செபமாலையம்மாள் குறுக்கே நின்றுவிட்டாள். "மக வயித்துப் பிள்ளையோட இருக்கையில கூட்டக் கலைப்பியளா? நல்லாயிருக்கு ஒங்க நியாயம்!" என்று ஒரே ஏச்சு. ஆக, மகள் பிள்ளை உண்டாகியிருப்பதால் கூட்டைக் கலைக்கக் கூடாது, கூட்டைக் கலைக்காததால் மகள் வரக் கூடாது. இது எந்த ஊர் அநியாயம்? முற்றத்தில் கல் கூட்டிச் சமையல், காற்றடித்தால் சோறெல்லாம் சாம்பல், எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. இப்போது குஞ்சும் பொரித்தாயிற்று; இரண்டு மைனாவும் அதற்கு இரை தேடி மாறி மாறி அலைகின்றன, ஆண் என்று அது சும்மா உட்காருவதில்லை. உங்களைக் குத்திக்காட்டவில்லை, உங்கள் கரும்பு ஆலை வேலையின் பாடு எனக்கும் தெரியும்.

ஆகையால் நீங்களே நீளமான மூங்கிலோடு வந்து கூட்டைத் தள்ளிவிடுங்கள். மாப்பிள்ளையை உங்கள் மாமியார் ஏச மாட்டாள்.

உங்கள் அம்மாவுக்கு என் தோத்திரம். மாதா உங்கள் எல்லாரையும் காப்பாளாக.

வேதமுத்து

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது புகைக்கூண்டைச் சுத்தம் செய்ய எஸ்டேட் ஆள் கம்போடு கூரையேறிவிட்டான். "எறங்குடா கீழே! புள்ளைத்தாச்சி வர்ற வீடுடா இது!" என்று விரட்டியது நான்தான். மூங்கில் வேண்டாம். கடிதத்தை இரண்டு நாள் தபாலில் போடாமல் வைத்து, பின்பக்கம் தகரக் கூரை இறக்கி, மண் அடுப்புப் போட்டாயிற்று, என் கம்பளியையும் துவைத்து வைத்திருக்கிறேன். பிலோமியை உடனே கூட்டி வாருங்கள். சோறு இறங்காதது சாம்பலால் இல்லை, மாப்பிள்ளை. அவளைப் பார்க்காமல்தான்.