மூன்றாவது சொட்டு

ரேணிகுண்டா,
17.11.1979

கர்த்தருக்குள் மிகவும் மதிப்புக்குரிய மச்சான் தனராஜ் அவர்களுக்கு, உங்கள் தங்கை புருஷன் சாந்தகுமார் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. சித்தூரில் நீங்களும் வீட்டாரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், ஆனால் சுகமில்லை. இதைத் தனியாக இருக்கும்போது படியுங்கள். உங்கள் தங்கை ஞானமணிக்கு இதில் ஒரு எழுத்துகூடத் தெரியக் கூடாது.

எங்கள் பிள்ளை லோயிஸுக்குப் போன மாதக் கடைசியில் இளைப்பு முற்றி, திருப்பதி ஆஸ்பத்திரியில் மூன்று நாள் ஆக்சிஜன் வைத்தது உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் நன்றாகத்தான் ஓடியாடினாள், அடுத்த நாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கியவள் பொத்தென்று விழுந்தாள். "நைனா, இந்தக் காலு இன்னும் எழுந்துக்கல, தூங்கிக்கினே கீது" என்று இடது காலைக் காட்டிச் சிரிக்கிறாள். விழுந்ததால் கால் போயிற்றா, கால் போனதால் விழுந்தாளா என்று யோசிக்கிற புத்தி அப்போது யாருக்கு இருந்தது? நம் பக்கத்தில் கை கால் என்றால் எங்கே ஓடுவோம், எலும்புக் கட்டுக்குப் புத்தூருக்குத்தானே? ஞானமணி "ஆஸ்பத்திரிக்குப் போலாங்க" என்று கத்தக் கத்த, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ரயிலேறிவிட்டேன். அங்கே கட்டுப் போடுகிற பெரியவர் இடுப்பிலிருந்து கட்டைவிரல் வரை தடவிப் பார்த்துவிட்டு, "எலும்பு நல்லா கெட்டியா கீது சார். இது நரம்பு சமாச்சாரம். டாக்டராண்ட இட்டுக்கினு போ" என்றார். நான் விடுவேனா? அவ்வளவு தூரம் வந்து வெறுங்காலோடு பிள்ளையைத் திருப்பிக் கொண்டுபோனால் உங்கள் தங்கை என்னைச் சும்மா விடுவாளா? "பேருக்கு ஒரு கட்டாவது போடுங்க" என்று கெஞ்சினேன். "இன்னா வேலை பண்ற சார் நீ?" என்றார். ரயில்வேயில் பார்சல் கிளார்க் என்றேன். "அதான். வந்ததெல்லாம் கட்டி அனுப்ப இது உன் ஆபீஸ் இல்ல" என்று சொல்லிவிட்டார். அந்த வேகத்தில் வெளியே வந்தேனா, வாசல்படியில் கட்டுக்குப் பூச எடுத்துப்போனபோது யாரோ சிந்தியிருந்த முட்டை வெள்ளைக்கருவில் கால் வழுக்கிற்று. பிள்ளையைக் கீழே விடவில்லை மச்சான், அது சத்தியம். என் இடது மணிக்கட்டுதான் பிசகிற்று. அதே பெரியவர் அதே கையால் எனக்கு மூங்கில் தப்பை வைத்துக் கட்டி அனுப்பினார். வீட்டு வாசலில் உங்கள் தங்கை கேட்ட கேள்வி இன்னும் காதில் நிற்கிறது. "கொழந்தைக்குக் கட்டுப் போடப் போயிட்டு, நீங்க போட்டுக்கினு வந்தீங்களா?"

மறுநாள் திருப்பதிக்குப் போனோம். நீங்கள் சீட்டு எழுதிக் கொடுத்த அதே டாக்டர்தான், நல்ல மனுஷர். முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார், வலது கால் துள்ளிற்று, இடது கால் அசையவே இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கால்தான் துள்ளிற்று. ஊசியால் குத்தினால் மட்டும் "ஐயோ" என்கிறாள், அப்படியானால் உணர்ச்சி இருக்கிறதாம், பலம்தான் இல்லையாம். எனக்கு வாயில் ஒரே வார்த்தைதான் நின்றது, கேட்கப் பயந்து முழுங்கிக்கொண்டிருந்தேன். அவரே, "இதி போலியோ காதண்டி" என்றார், நான் விழித்த விழியைப் பார்த்துவிட்டு, "இது போலியோ இல்லைங்க" என்று தமிழிலும் சொன்னார். ஆஸ்துமா கடுமையாக வந்து அடங்கிய பிறகு, லட்சத்தில் ஒரு குழந்தைக்கு ஒரு கையோ காலோ இப்படித் துவண்டு போகுமாம். நாலைந்து வருஷத்துக்கு முன்னால்தான் வெளிநாட்டுப் பத்திரிகையில் எழுதினார்களாம், அவரே இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறாராம். லட்சத்தில் ஒருத்தருக்கு வருகிற வியாதி ரேணிகுண்டா ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு எப்படி வழி விசாரித்துக்கொண்டு வந்தது மச்சான்?

இனிமேல்தான் விஷயம். போலியோ இல்லையென்று எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, ஜுரம் இல்லை, இளைப்புக்கப்புறம் வந்திருக்கிறது, அதோடு "மூணு சொட்டும் போட்டாச்சு இல்ல?" என்றார். ஞானமணி "மூணும் போட்டாச்சு டாக்டர்" என்று பளிச்சென்று சொன்னாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் மூன்றாவது சொட்டுக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போனவன் நான். பக்கத்து வரிசையில் நர்ஸம்மா ஒரு பையன் தொடையில் இத்தனை நீள ஊசியை இறக்குவதைப் பார்த்தேன், எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பிள்ளை அழவே இல்லை, ஜாலியாக என் மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். நான்தான் சொட்டுப் போடாமலே ஓடி வந்துவிட்டேன். வெளியே ஒரு கோலி சோடா குடித்தேன். வீட்டில் "போட்டாச்சு" என்று சொல்லிவிட்டேன். அப்புறம் போடலாம், அப்புறம் போடலாம் என்று ஆறு வருஷம் ஓடிப்போச்சு. இப்போ டாக்டர் சொல்றதெல்லாம் என் பொய் மேல நிக்குது. அது போலியோதான்னா, நான்தான் மச்சான் என் பிள்ளை காலை எடுத்தவன். ராத்திரியும் பகலும் இதேதான் ஓடிக்கினு கீது, சோறு துன்ன முடியல. டாக்டரிடம் நீங்கள் மெதுவாக உண்மையைச் சொல்லுங்கள். உங்கள் தங்கைக்கும் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அக்காவுக்கு என் வணக்கமும், பிள்ளைகளுக்கு முத்தங்களும். கர்த்தர் உங்கள் வீட்டின் மேல் கண் வைத்திருப்பாராக.

இப்படிக்கு,
கலங்கிய மனதுடன்,
மை. சாந்தகுமார்

பின்குறிப்பு: அண்ணா, நான் ஞானமணி எழுதுகிறேன். இந்தக் கடிதாசியை இவர் தபாலில் போடாமல் ரெண்டு நாளாகச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார், துவைக்க எடுத்தபோது படித்தேன். இவர் "போட்டாச்சு" என்று சொன்ன அன்றைக்கே சொட்டு மருந்து அட்டையில் மூன்றாவது முத்திரை இல்லாததைப் பார்த்துவிட்டேன். அடுத்த வாரமே நான் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டேன். அட்டை என் பைபிளுக்குள் இருக்கிறது, இவர் அதைத் திறந்தால்தானே. ஆகவே டாக்டர் சொன்னது சரிதான், இது போலியோ இல்லை, இவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. இன்றைக்கே இவரிடம் சொல்லிவிடுவேன். ஆனால் அண்ணா, திருப்பதியில் அன்றைக்கு இவர் தண்ணீர் குடிக்க வெளியே போனபோது டாக்டர் என்னிடம் தனியாக ஒன்று சொன்னார். தினம் பயிற்சி கொடுத்தால் நடந்துவிடுவாளாம், ஆனால் அந்தக் கால் சூம்பித்தான் இருக்குமாம், பழையபடி ஆகாதாம். இவரோ தினமும் சாயங்காலம் நூலை எடுத்து ரெண்டு காலையும் அளந்து பார்த்து, "இன்னும் கொஞ்ச நாள்ல சரியாப்பூடும்" என்கிறார். அதை நீங்கள்தான் வந்து இவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். இவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கும் தைரியம் இல்லை.