கட்டில் போன வழி

சொந்தக் கையால் ஒரு சுவர் கட்டி, அது மறுநாள் காலையிலும் விழாமல் நின்றுவிட்டால் மனுஷனுக்குத் தலைக்கனம் ஏறிவிடும். எனக்கு ஏறியது. பஸ்ஸில் போகும்போது வழியில் தெரிகிற வீடுகளுக்கெல்லாம் மனசுக்குள் மார்க் போடுகிற அளவுக்கு ஏறியது.

தொண்ணூறுகளின் கடைசி. கீழப்பழுவூருக்கு வெளியே எங்கள் கொல்லையில் நாங்களே வீடு கட்டிக்கொண்டிருந்தோம். அஸ்திவாரத்துக்கும் தளத்துக்கும் மட்டும்தான் கொத்தனார். மற்றபடி அப்பா செங்கல் நனைப்பார், அம்மா சித்தாள், தங்கச்சி செல்வி கலவை, நான் மேஸ்திரி. (நானே எனக்குக் கொடுத்துக்கொண்ட பதவி. கொத்தனார் பக்கத்தில் கொஞ்ச நாள் கையைக் கட்டி நின்றதுதான் படிப்பு.)

செல்வியின் கலவையில் கஞ்சத்தனமே இருக்காது. "அரியலூர்ல சிமெண்ட் ஆலை இருக்குங்கிறதுக்காக அம்புட்டையும் நம்ம செவுத்துலயே கொட்டணுமாடி?" என்று அம்மா கத்துவாள். "செவுரு நிக்கணும்ல?" என்று அவள் மண்வெட்டியை நிறுத்தாமல் பதில் சொல்வாள்.

வீட்டுக்காக வெட்டிய வேப்பமரத்தில் அப்பா செல்விக்குக் கல்யாணக் கட்டில் செய்யச் சொன்னார். ஆசாரி வந்து, பாதி எழும்பியிருந்த பின்னறையிலேயே வைத்து இழைத்து, பசை போட்டு, ஆப்பு இறக்கி, யானையே படுத்தாலும் அசையாத ஒரு கட்டிலைச் செய்து வைத்துவிட்டுப் போனார். அப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. திருமழபாடியில் மாப்பிள்ளை வீட்டாரிடம் எதைப் பேசினாலும் கடைசியில் கட்டிலில்தான் வந்து நிற்பார். "சொந்த மரம், சொந்த வூட்ல செஞ்சது" என்பார். அவரால் கொடுக்க முடிந்த பெரிய சீரே அதுதான்.

பிறகு நான் அந்த அறையைக் கட்டி முடித்தேன். அரியலூரில் யாரோ பழைய வீட்டை இடித்தார்கள் என்று ஒரு நிலைக்கதவு வாங்கி வந்திருந்தோம். நல்ல கதவுதான். கொஞ்சம் குட்டை, கொஞ்சம் குறுகல். அதை வைத்துக் கட்டினேன். அதோடு விட்டேனா? கதவுக்கு நேர் எதிரே குளியலறைச் சுவரையும் எழுப்பினேன். கட்டில் அப்போதெல்லாம் உள்ளேதான் இருந்தது. இன்னும் சொன்னால், அதன்மேல் ஏறி நின்றுதான் மேல்வரிசைச் செங்கல்லையே வைத்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பெண்ணை அழைத்துப் போக மாப்பிள்ளையின் பெரியப்பா வேனோடு வந்துவிட்டார். சீர் ஏற்ற டிராக்டர் வாசலில் நின்றது. ராகு காலத்துக்கு முன்னால் கிளம்பிவிட வேண்டும். பீரோ போனது, பாத்திரம் போனது. கட்டிலைத் தூக்கினோம்.

வரவில்லை.

சாய்த்தோம். நிமிர்த்தினோம். தலைமாடு முதலில், கால்மாடு முதலில். நிலையைத் தாண்டினால் குளியலறைச் சுவர் மறித்தது. எந்தப் பக்கமும் திரும்ப இடமில்லை.

"கழட்ட முடியாதா?" என்று கேட்டேன்.

கட்டிலை ஏற்றிவிட வந்திருந்த ஆசாரி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பசை போட்டு எறக்குனதுப்பா. ரம்பத்தால அறுத்தாத்தான் உண்டு."

"கல்யாணக் கட்டில்ல ரம்பம் வைக்கிறதா?" என்ற அப்பாவின் குரல் உடைந்துபோயிற்று. "கட்டில் எங்கன்னு அங்க கேப்பாங்களே. எம் பொண்ணு காலத்துக்கும் பேச்சு வாங்குவாளேடா." அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அந்த அஸ்திவாரத்திலேயே என்னைப் போட்டு மூடினால் தேவலை என்றிருந்தது.

சத்தம் கேட்டுச் செல்வி வந்தாள். தலை நிறையப் பூ, பட்டுச் சேலை. கதவைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏண்ணே, நெலை வைக்கிறப்ப இது உள்ளதானே இருந்துச்சு?"

"இருந்துச்சு."

"நல்லா வருவ. ஜன்னலுக்குக் கீழ செவுத்த இடி."

ஜன்னல் இன்னும் மாட்டவில்லை. இடைவெளியில் சாக்குதான் தொங்கியது. அதன் கீழே தரைவரை இடித்தால் வழி கிடைக்கும். கடப்பாரையை ஓங்கிப் போட்டேன். டங்கென்று திரும்பி வந்தது. சித்தப்பா மகன் ஒருவன் முயன்று பார்த்து, கையை உதறிக்கொண்டு, "எவன்யா இதுக்குக் கலவை போட்டது?" என்று கத்தினான்.

"நான்தான். என்ன இப்ப?" என்றாள் கல்யாணப் பொண்ணு.

ஒருவழியாகச் சுவர் விட்டுக்கொடுக்க ஆரம்பித்த நேரத்தில், கையில் டீ டம்ளரோடு மாப்பிள்ளையின் பெரியப்பா வந்து நின்றார். "என்னங்க இது? கல்யாண வூட்ல செவுத்த இடிக்கிறீங்க?"

அம்மாதான் முன்னால் வந்தாள். தலையெல்லாம் செங்கல் தூள்.

"எங்க வழக்கமுங்க. பொண்ணோட கட்டில் வாசப்படி வழியாப் போவக்கூடாது. அவ கலவை போட்டுக் கட்டுன செவுத்தத் தொறந்துதான் அனுப்புவோம்."

அப்பா வாயைத் திறந்தார். அம்மா ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டார்.

பெரியப்பா கொஞ்ச நேரம் அந்த ஓட்டையையே பார்த்தார். பிறகு டம்ளரைக் கீழே வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். அதைப் பார்த்ததும் அம்மாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "கற்பூரம் எங்கடி?" என்று குரல் கொடுத்தாள். கற்பூரம் காட்ட, பெரியப்பாவே ஒரு பக்கம் கை கொடுக்க, கட்டில் சாமி புறப்பாடு மாதிரி வெளியே போனது. அப்பா அழுதார். அதுவும் வழக்கம்தான் என்று பெரியப்பா நினைத்திருப்பார்.

சில வருஷம் கழித்து செல்வியின் நாத்தனாருக்குக் கல்யாணம். "செல்வியோட அண்ணன் முதல் நாளே வந்தாகணும்" என்று பெரியப்பாவே ஆள் அனுப்பினார். நல்ல மரியாதை என்று சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு திருமழபாடி போனேன். நேரே பின்பக்கம் கூட்டிப்போனார்கள். நல்ல கட்டுச்சுவர். அதில் மஞ்சளும் குங்குமமும். சாத்தியிருந்த கடப்பாரையில் பூச்சரம்.

"வாங்க தம்பி. பொண்ணு கட்டில் கெளம்பணும். முறை தெரிஞ்சவரு நீங்கதான். எதுவரைக்கும் இடிக்கணும்?" என்றார் பெரியப்பா.

நான் செல்வியைத் தேடினேன். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு கிணற்றடியில் நின்றாள். பக்கத்தில் போய், "ஏன் புள்ள, இவ்வளவு நாளா உண்மையச் சொல்லலையா?" என்று கிசுகிசுத்தேன்.

"எதுக்குச் சொல்லணும்? வந்ததுலேருந்து இந்த வூட்ல என்னை ஒருத்தர் ஒரு சொல் சொன்னதில்ல. பொண்ணுக்காகச் செவுத்தையே இடிச்சுக் குடுத்த வூட்டுப் புள்ளைன்னு அம்புட்டு மரியாதை."

போய்க் கடப்பாரையைக் கையில் எடுத்தேன்.

"அண்ணே" என்று பின்னாலிருந்து சன்னமாகக் கூப்பிட்டாள். "சின்னதா இடி. திரும்பக் கட்டறதுக்கு நான்தான் கலவை போடணும்."